டான்யூப் கரையில் இரும்புக் காலணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு ஆற்றோரமாகத் தெற்கே கொஞ்சம் நடந்தால், கரை விளிம்பில் பழைய காலணிகள் வரிசையாகக் கிடப்பது கண்ணில் படும். 1944–45 குளிர்காலத்தில் சுட்டு டான்யூப் நதியில் தள்ளப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. படத்தில் பார்த்தவர்கள், போக இருப்பவர்கள், போய்வந்த பிறகும் முழுக் கதை தெரியாதவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

காலணிகள் மட்டும்தான். மொத்தம் 60 ஜோடி. இரும்பில் செய்து, நதியின் கிழக்குப் பக்கமான பெஸ்ட் கரையில், கரைக்கல்லின் விளிம்பிலேயே பதித்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு, 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல் திண்ணை. பீடம் இல்லை, தூண் இல்லை, மனித உருவம் இல்லை. தடுப்புக் கம்பிகூடக் கிடையாது. காலணியைத் தாண்டினால் தண்ணீர்தான்.

கிட்டப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். குதிகால் உயர்ந்த பெண்கள் ஷூ ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ், நாடா அவிழ்ந்து வாய் பிளந்து நிற்கிறது. விரல் மடங்கும் இடத்தில் தோல் சுருங்கியிருப்பது, நெடுநாள் போட்டு நடந்ததில் மேல்பாகம் தளர்ந்து தொய்ந்திருப்பது எல்லாம் இரும்பில் அப்படியே வந்திருக்கிறது. நடுவே உள்ளங்கை அளவுக் குழந்தைக் காலணிகள். சில ஜோடிகள் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றன. சில அவசரத்தில் உதறியவை. நம் ஊரில் வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். இங்கே 60 ஜோடி கிடக்கிறது, ஒருவரும் இல்லை.

1944இல் என்ன நடந்தது?

ஹங்கேரி இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கூட்டாளி. யூதர்களின் வேலை, சொத்து, திருமணம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை 1938, 1939, 1941 என்று அடுத்தடுத்துப் போட்டது ஹங்கேரியின் சொந்த நாடாளுமன்றம்தான். அப்போது நாட்டின் தலைவர் மிக்லோஷ் ஹோர்த்தி. போரில் ஜெர்மனி தோற்கத் தொடங்கியதும் அவர் நேச நாடுகளோடு ரகசியமாகப் பேசப் பார்த்தார். அதைத் தெரிந்துகொண்ட ஹிட்லர் 1944 மார்ச் 19 அன்று படையை உள்ளே அனுப்பினார்.

படையோடு, யூதர்களை நாடுகடத்தும் வேலையைப் பார்த்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனும் ஒரு சிறு குழுவும் வந்தார்கள். மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரத்தில், சுமார் 4,37,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். அநேகமாக எல்லா ரயிலும் போனது நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்சுக்கு. ஒரு சிறு குழுவால் இவ்வளவு பேரைத் தேடிப்பிடித்து அடைத்து ஏற்ற முடியாது. வீடு வீடாகப் போனதும், பட்டியல் எடுத்ததும், சரக்குப் பெட்டிக்குள் அடைத்துக் கதவைச் சாத்தியதும் ஹங்கேரியின் காவல் படையும் அரசு அலுவலர்களும்.

ஜூலைத் தொடக்கத்தில் வெளிநாட்டு அழுத்தம் கூடியதால் ஹோர்த்தி ரயில்களை நிறுத்தினார். அதற்குள் நாட்டுப்புறங்களில் யூதர்களே இல்லை என்ற நிலை. தலைநகரில் இருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அக்டோபர் 15 அன்று ஹோர்த்தி போர்நிறுத்தம் அறிவித்தார். ஜெர்மானியர்கள் அவரை இறக்கிவிட்டு ஃபெரென்ட்ஸ் ஸாலஷி என்பவரிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். அவருடைய கட்சிதான் அம்புச் சிலுவைக் கட்சி, ஹங்கேரியின் பாசிசக் கட்சி. புடாபெஸ்ட் யூதர்களின் மிகக் கொடிய மாதங்கள் அன்றிலிருந்து தொடங்கின.

சுட்டது ஜெர்மானிய நாஜிகளா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். டான்யூப் கரையில் துப்பாக்கி பிடித்தவர்கள் ஹங்கேரியர்கள், அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதப் பிரிவினர். கையில் பட்டை கட்டிய உள்ளூர் ஆட்கள். பலர் வயது வந்த ஆண்கள்கூட இல்லை, பதின்ம வயதுப் பையன்கள். சாவதற்காக நின்றவரும் சுடுவதற்காக நின்றவரும் ஒரே மொழி பேசினார்கள். ஒரே தெருவில் ரொட்டி வாங்கியவர்களாகவும் இருந்திருக்கலாம்.

டிசம்பர் கடைசியில் சோவியத் படை நகரைச் சுற்றி வளைத்தது. ஸாலஷி முன்பே மேற்கே போய்விட்டார். உணவு இல்லை, தோற்கப்போவது எல்லாருக்கும் தெரியும். கொலை குறையவில்லை, கூடியது. யூதர்கள் தங்கியிருந்த வீடுகளுக்குள் இரவில் புகுந்து, ஆட்களைக் கட்சி அலுவலகங்களுக்கு இழுத்துப்போய் அடித்து, பிறகு ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரியில் மருத்துவமனைகளுக்குள்ளும் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியரையும் கொன்றார்கள். இந்தக் கும்பல்களில் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஆந்த்ராஷ் குன், மேலங்கிமீது துப்பாக்கி மாட்டிய ஒரு துறவி.

ஏன் காலணியைக் கழற்றச் சொன்னார்கள்?

காசுக்கு. போர்க்காலத்தில் தோல் கிடைப்பது அரிது. நல்ல ஷூவுக்குக் கள்ளச்சந்தையில் விலை உண்டு. ஆற்றில் விழும் உடலோடு ஷூவும் போய்விட்டால் நஷ்டம். அதனால் முதலில் கழற்றவைத்து, பிறகு சுட்டார்கள். சில சமயம் மேலங்கியையும்.

தப்பியவர்களின் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு விவரம்: இரண்டு மூன்று பேரைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஒருவரை மட்டும் சுடுவார்கள். அவர் விழும் கனத்தில் மற்றவர்களும் பனி மிதக்கும் தண்ணீருக்குள் இழுபட்டுப் போவார்கள். தோட்டா மிச்சம். ஷூ, கம்பி, தோட்டா என்று எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்த ஒரு கணக்கு மனம் அங்கே இருந்திருக்கிறது. வெறியில் நடந்தது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்?

கொன்றவர்கள் ஏடு வைக்கவில்லை, ஆறு உடல்களைக் கொண்டுபோய்விட்டது. மதிப்பீடுகள்தான் உள்ளன. டிசம்பர் 1944 முதல் ஜனவரி 1945 முடியும் வரை 20,000 பேர் வரை என்பது அதிகம் சொல்லப்படும் மேல் எல்லை. அதைவிடக் குறைவாகக் கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு. 60 என்பது காலணி ஜோடிகளின் எண்ணிக்கை மட்டுமே.

இறந்தவர்கள் எல்லாரும் யூதர்களா?

மிகப் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள், ஸாலஷி ஆட்சியை எதிர்த்தவர்கள் சிலரும் அதே முடிவைச் சந்தித்தார்கள்.

ஷாரா ஷல்கஹாஸி என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியைச் சொல்ல வேண்டும். பத்திரிகையாளராக இருந்து துறவறம் பூண்டவர். தம் சபை நடத்திய பெண்கள் விடுதியில் யூதர்களை ஒளித்துவைத்தார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். 1944 டிசம்பர் 27 அன்று, ஒளிந்திருந்தவர்களோடு அவரையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். 2006இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது.

யாராவது தப்பினார்களா?

தப்பினார்கள். குறி தவறியதாலும், சுடுவதற்கு முன்பே தண்ணீரில் குதித்ததாலும், இருட்டில் கீழே கரையேறியதாலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தைப் பற்றி இவ்வளவாவது தெரிவது அவர்களால்தான்.

கரைக்குக் கொண்டுபோகும் முன்பே மீட்கப்பட்டவர்களும் உண்டு. ஸ்வீடன் தூதரகத்தில் வேலை பார்த்த காரோய் ஸபோ என்ற சாதாரண ஊழியர், 1945 ஜனவரி 8 இரவு காவலர்களைக் கூட்டிக்கொண்டு போய், கொலைக்காகப் பிடித்து வைத்திருந்த ஒரு பெருங்கூட்டத்தை மீட்டார். பின்னாளில் ஸ்வீடனில் பெயர்பெற்ற உயிர்வேதியியல் பேராசிரியரான லார்ஸ் எர்ன்ஸ்டர் அன்று மீட்கப்பட்டவர்களில் ஒருவர்.

ஸபோவின் தூதரகத்தில்தான் ராவுல் வாலன்பெர்க் என்ற அதிகாரி இருந்தார். வைத்திருப்பவர் ஸ்வீடனின் பாதுகாப்பில் இருக்கிறார் என்று சொல்லும் சீட்டுகளை அச்சடித்து, ஸ்வீடன் கொடி மாட்டிய வீடுகளில் யூதர்களைத் தங்கவைத்தார். ஸ்விட்சர்லாந்துத் தூதரக அதிகாரி கார்ல் லூட்ஸ் அதைவிடப் பெரிய அளவில் அதே வேலையைச் செய்தார். 'கண்ணாடி வீடு' என்று அழைக்கப்பட்ட ஒரு கண்ணாடி வியாபாரியின் கட்டடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் தங்கினார்கள். அப்புறம் ஜோர்ஜோ பெர்லாஸ்கா. அவர் தூதரே அல்ல, இறைச்சி வியாபாரம் செய்ய வந்த இத்தாலியர். ஸ்பெயின் தூதரகத்தின் உண்மையான அதிகாரி கிளம்பிப் போனதும், தாம்தான் அடுத்த பொறுப்பாளர் என்று சொல்லிக்கொண்டு பாதுகாப்புச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தப் பெயர்களைப் படித்துவிட்டு நெஞ்சு லேசாகிவிடக் கூடாது. பாதுகாப்பு வீடுகளும் முழுப் பாதுகாப்பாக இல்லை. ஆற்றங்கரையில் சுடப்பட்டவர்களில் நிறையப் பேர் அந்த வீடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள். சட்டைப்பையில் செல்லுபடியாகும் சீட்டை வைத்துக்கொண்டே செத்தவர்கள்.

1945 ஜனவரி 18 அன்று பெஸ்ட் பகுதி சோவியத் படையிடம் வந்தது. சுமார் 70,000 பேர் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவின் (யூதர்களை வேலியிட்டு அடைத்த பகுதியின்) வேலிகள் அப்போதுதான் விழுந்தன. எதிர்க்கரையான புடா பிப்ரவரி 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைச் செய்தது யார்?

யோசனை ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநருடையது. புடாபெஸ்டில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரும் சிற்பி ஜூலா பௌவரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். பௌவர் 2012இல் காலமானார்.

பௌவரின் பழைய வேலைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காலணிகள் ஏன் இவ்வளவு தத்ரூபமாக இருக்கின்றன என்பது புரியும். 1970 முதலே, ஒரு பொருளின் மேற்பரப்பு இன்னொன்றாகத் தோன்றுவதை வைத்துத்தான் அவர் சிற்பம் செய்தார். வழவழப்பான கனசதுரத்தின் மேல் கசங்கிய காகிதத்தின் நிழல்களை ஏற்றி, கண்ணை ஏமாற்றியவர். அந்தக் கைத்திறன் இங்கே விளையாட்டாக இல்லாமல் துக்கமாக வந்திருக்கிறது.

இவை இறந்தவர்களின் அசல் காலணிகளா?

இல்லை. 1940களில் மக்கள் போட்ட மாதிரிகளைப் பார்த்து இரும்பில் செய்யப்பட்டவை. நிறைய இடங்களில் வெண்கலம் என்று எழுதுகிறார்கள், அது தவறு. இரும்பு என்பதால்தான் மழையிலும் பனியிலும் துருவேறி, நனைந்த பழந்தோலின் நிறத்துக்கு வந்திருக்கின்றன.

அங்கே என்ன எழுதியிருக்கிறது? அதில் ஏன் விவாதம்?

ஹங்கேரிய மொழி, ஆங்கிலம், ஹீப்ரூ ஆகிய மூன்றிலும் வார்ப்பிரும்புப் பலகைகள் உண்டு. 1944–45இல் அம்புச் சிலுவை ஆயுதப் பிரிவினரால் டான்யூப் நதியில் சுட்டுத் தள்ளப்பட்டவர்களின் நினைவாக, 2005 ஏப்ரல் 16 அன்று எழுப்பப்பட்டது என்பதுதான் அதன் சாரம்.

சுட்டவர் யார் என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். நாஜிக் கொடுமை, போரின் அவலம் என்று பொதுவாகச் சொல்லி ஒதுங்கவில்லை. ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே அந்த நாட்டவர் செய்த கொலையைப் பெயரிட்டு எழுதிவைப்பது சாதாரணமல்ல. இந்தச் சின்னத்தின் மீது எனக்குள்ள மரியாதையில் பாதி அந்த ஒரு வரிக்காக.

ஆனால் சுடப்பட்டவர் யார் என்பது அதே வரியில் இல்லை. யூதர்கள் என்ற சொல்லே கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் பலர். நானும் அவர்கள் பக்கம்தான். மற்றவர்களும் இறந்தார்கள் என்ற சமாதானம் போதாது. அவர்களையும் சேர்த்து எழுத ஒரு வரி கூடுதலாக இருந்தால் போதும். வரலாறு தெரியாமல் வருகிற ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, ஏதோ அரசியல் மோதலில் செத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு போக வாய்ப்பிருக்கிறது. யூதராகப் பிறந்தது ஒன்றுதான் அவர்கள் செய்த 'குற்றம்' என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஏப்ரல் 16க்கு என்ன சிறப்பு?

ஹங்கேரி அன்றைக்குத்தான் ஹோலோகாஸ்ட் (நாஜிக் காலத்து யூத இனப் படுகொலை) நினைவு நாள் கடைப்பிடிக்கிறது. 1944இல் அதே தேதியில், இன்று உக்ரைனில் இருக்கும் கார்பாத்தியப் பகுதியில், யூதர்களை கெட்டோக்களில் அடைக்கும் வேலை தொடங்கியது.

கொலை நடந்தது சரியாக இந்த இடத்தில்தானா?

ஆற்றின் இரு கரையிலும், பாலங்களை ஒட்டியும், பல இடங்களில் நடந்தது. காலணிகள் இருப்பது அந்தக் கரையின் ஒரு துண்டு மட்டுமே. மேலும் கீழும் நடந்துபோகும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் நகரமே வேறு மாதிரி தெரியும்.

காலணிகளுக்குள் கல்லும் மெழுகுவர்த்தியும் ஏன்?

கல்லறையில் சிறு கல் வைப்பது யூத வழக்கம். வந்து பார்த்தேன், மறக்கவில்லை என்பதற்கு அடையாளம். மற்றவர்கள் அவரவர் வழக்கப்படி பூவும் விளக்கும் வைக்கிறார்கள். குழந்தைக் காலணிகளில் மிட்டாயும் சின்ன பொம்மையும் பார்க்கலாம். நீங்களும் வைக்கலாம். மற்றவர் வைத்ததை எடுக்காதீர்கள்.

படம் எடுக்கலாமா? காலை நுழைத்துப் பார்க்கலாமா?

படம் எடுக்கத் தடை இல்லை. சிரித்தபடி செல்ஃபி எடுப்பதும், காலணிக்குள் காலை விடுவதும், தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் தம் பாட்டிக்காக வந்திருக்கலாம். சில காலணிகளைப் பெயர்த்துத் திருடியவர்களும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. கேள்வி கேட்பார்கள், பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். சின்னக் குழந்தை என்றால் கையைப் பிடித்தே வைத்திருங்கள், விளிம்பில் தடுப்பு இல்லை.

எப்படிப் போவது?

2ஆம் எண் டிராம் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. மெட்ரோ என்றால் 2ஆம் தடத்தில் கொஷுத் சதுக்கத்தில் இறங்கலாம். நாடாளுமன்றத்திலிருந்து சங்கிலிப் பாலம் இருக்கும் திசையில் சில நிமிட நடை. இடையில் வேகமாக வண்டிகள் போகும் கரைச்சாலை ஒன்று உண்டு. கடக்குமிடம் பார்த்துக் கடக்கவும். கட்டணம் கிடையாது, எந்நேரமும் போகலாம். கூட்டம் வேண்டாம் என்றால் காலையில் சீக்கிரம் போங்கள்.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

போருக்குப் பின் புடாபெஸ்டில் மக்கள் நீதிமன்றங்கள் நடந்தன. ஸாலஷியை 1946 மார்ச் 12 அன்று தூக்கிலிட்டார்கள். துறவி குன் அதற்கு முன்பே, 1945இல் தூக்கிலிடப்பட்டார். கட்சியின் அடிமட்ட ஆட்களில் எத்தனையோ பேர் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டார்கள்.

ஆற்றில் போனவர்களில் யாராவது கிடைத்தார்களா?

2011இல் மார்கரெட் பாலத்தைப் புதுப்பிக்கும்போது ஆற்றுப்படுகையில் மனித எலும்புகள் அகப்பட்டன. மரபணுச் சோதனை நடந்தது. இப்படிக் கொல்லப்பட்ட யூதர்களுடையதாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்து, 2016இல் யூத இடுகாட்டில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். இருபது பேர் அளவுக்குத்தான். மற்றவர்களுக்குக் கல்லறை இல்லை, காலணி வரிசைதான்.

அதே நாளில் வேறு எதையெல்லாம் பார்க்கலாம்?

முதலில் சுதந்திரச் சதுக்கத்துக்குப் போங்கள், நடக்கும் தூரம்தான். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பலியானவர்களுக்கு என்று 2014இல் அரசு அங்கே ஒரு சின்னம் வைத்தது. ஹங்கேரி அதில் ஒன்றுமறியாத தேவதூதர் காபிரியேல். மேலிருந்து பாய்கிற கழுகு ஜெர்மனி. ரயிலேற்றிய காவல் படைக்கும் ஆற்றங்கரைத் துப்பாக்கிகளுக்கும் அந்தச் சிற்பத்தில் இடமே இல்லை. எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் அதை இரவோடு இரவாக நிறுவினார்கள். அதற்கு எதிரே மக்கள் தங்கள் குடும்பத்தாரின் புகைப்படம், கடிதம், பெட்டி, கண்ணாடி, கல் என்று கொண்டுவந்து வைத்து ஒரு எதிர்ச் சின்னமே எழுப்பியிருக்கிறார்கள். காலணிகளைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், இந்த நாட்டில் இன்னும் முடியாத வழக்கு எது என்பது விளங்கும்.

நேரம் இருந்தால் டோஹான் தெரு யூத ஆலயத்தின் பின்முற்றத்தில் இம்ரே வர்கா செய்த உலோக வில்லோ மரத்தைப் பாருங்கள். அதன் இலைகளில் இறந்தவர்களின் பெயர்கள் உண்டு. 2004இல் திறந்த பாவா தெரு ஹோலோகாஸ்ட் நினைவு மையத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1938 சட்டங்களிலிருந்து ஆஷ்விட்ஸ் வரை படிப்படியாக எப்படிப் போனது என்பதை ஆவணங்களோடு அங்கே பார்க்கலாம். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் அந்த மையத்துக்கே போங்கள். ஆற்றங்கரைப் பலகை சொல்லாமல் விட்டதை அது சொல்கிறது.